பயாப்சி முடிவுக்குக் காத்திருக்கும் பத்து நாள்: "பயப்படாதே" என்ற வார்த்தையை எப்படிக் கைக்கொள்வது?

தெற்கத்தி வாசகி கேட்டது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்தில் இருக்கிற ஒரு சகோதரிக்காகக் கேட்கிறேன். அவருடைய கணவருக்குக் கழுத்தில் கட்டி. பயாப்சி பரிசோதனைக்குச் சதை எடுத்திருக்கிறார்கள், முடிவு வரப் பத்து நாள் ஆகலாமாம். போன மாதம்தான் அவருக்கு வேலையும் போயிற்று.

சகோதரி ராத்திரி தூங்குவதில்லை. ஜெபிக்க உட்கார்ந்தால் பயம் கூடுகிறதாம். வீட்டுக்கு வருகிறவர்கள் சொல்வது இரண்டே விஷயம். ஒன்று, "வேதத்தில் 365 தடவை பயப்படாதே என்று இருக்கிறது, நாளுக்கு ஒன்று." இன்னொன்று, "பயந்தால் விசுவாசம் இல்லை என்று அர்த்தம், அதனால் சுகம் தடைபடும்." இரண்டாவதைக் கேட்ட பிறகு பயந்ததற்காகவும் சேர்த்துப் பயப்படுகிறார்.

எனக்குப் பொதுவான ஆறுதல் வார்த்தைகள் வேண்டாம். இந்தப் பத்து நாளும் காலையில் என்ன, ராத்திரி என்ன, எந்த வேதபகுதி, எப்படி ஜெபிப்பது, எதைச் செய்யக்கூடாது என்று எடுத்துச் சொல்லுங்கள். நான் அவருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

---

ஓலைச்சுவடி எழுதிய பதில்:

சகோதரி, முதலில் அந்த 365-ஐ இறக்கி வைத்துவிடலாம். எண்ணிப் பார்த்தால் அத்தனை வராது. எண்ணிக்கை பெரிய விஷயமும் இல்லை. அந்த வார்த்தை யாருக்குச் சொல்லப்பட்டது என்று பாருங்கள். ஆபிராம், யோசுவா, கிதியோன், மரியாள், பவுல் என்று ஒவ்வொருவரும் அந்த நேரத்தில் பயந்துகொண்டிருந்தவர்கள், அல்லது பயப்பட நியாயமான காரணம் உள்ளவர்கள். பயந்தவனை நோக்கித்தான் தேவன் "பயப்படாதே" என்று பேசுகிறார். ஆகவே பயம் வந்தது குற்றச்சாட்டுக்குரிய விஷயம் அல்ல. சங்கீதம் 56:3 "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்கிறது. பயம் ஒழிந்த பிறகு நம்புவேன் என்று தாவீது சொல்லவில்லை. ஒரே நாளில் இரண்டும் இருக்கிறது.

இந்தச் சகோதரியின் நிலைக்கு மிகவும் பொருந்துகிற பகுதி 2 இராஜாக்கள் 18, 19 அதிகாரங்கள் என்பது என் எண்ணம். கத்தோலிக்க வேதாகமத்தில் 2 அரசர்கள். கி.மு. 701-ல் அசீரிய ராஜா சனகெரிப் யூதாவின் அரணான பட்டணங்களைப் பிடித்துக்கொண்டு வருகிறான். 46 பட்டணங்களைப் பிடித்தேன், யூதாவின் ராஜா எசேக்கியாவை எருசலேமில் கூண்டுப் பறவைபோல் அடைத்தேன் என்று அவனே களிமண் பட்டயத்தில் எழுதி வைத்திருக்கிறான். எசேக்கியாவின் பயம் கற்பனைப் பயமல்ல. அந்த நேரத்தில் மிரட்டல் கடிதம் ஒன்று அவர் கைக்கு வருகிறது. 19:14-ல் அவர் அதை வாங்கி வாசிக்கிறார். பிறகு ஆலயத்துக்குப் போய், "அதைக் கர்த்தருக்கு முன்பாக விரித்து" ஜெபிக்கிறார்.

வாசித்தார் என்பதைக் கவனியுங்கள். படிக்காமல் மடித்து வைக்கவில்லை. 17-ம் வசனத்தில் ஜெபத்துக்குள்ளேயே "மெய்தான்" என்கிறார். அசீரியர் மற்ற ஜாதிகளை அழித்தது மெய்தான் என்று ஒப்புக்கொள்கிறார். நம் வீடுகளில் "அப்படிச் சொல்லாதே, நெகட்டிவாக அறிக்கை செய்யாதே" என்று வாயை அடைக்கிறார்கள். எசேக்கியா செய்தது அதற்கு நேர்மாறு. உள்ளதை உள்ளபடி தேவனிடம் சொல்வது அவிசுவாசம் ஆகாது.

இதை அந்தச் சகோதரி இப்படிச் செய்யலாம். காலையில் ஒரு தாள் எடுக்கட்டும். நடுவில் கோடு போட்டு, இடது பக்கம் "மெய்தான்" என்று எழுதி, கையில் ஆதாரம் உள்ளவற்றை மட்டும் அதன் கீழே எழுதட்டும்: கட்டி இருக்கிறது, இந்தத் தேதியில் சதை எடுத்தார்கள், இந்தத் தேதியில் முடிவு, வேலை இல்லை, வங்கியில் இவ்வளவு, வாடகை இவ்வளவு. வலது பக்கம் மனம் சொல்லும் கதைகள்: "புற்றுநோய்தான்", "பிள்ளைகள் படிப்பு நின்றுவிடும்", "நான் தனியாகிவிடுவேன்". அதையும் மறைக்காமல் எழுதட்டும். வலது பக்கம் எப்போதும் நீளமாக வரும். பிறகு தாளைத் திறந்தபடியே மேஜையிலோ பாயிலோ வைத்து, கை படும்படி, சத்தமாக வாசித்து ஜெபிக்கட்டும். மருத்துவமனைச் சீட்டையும் பக்கத்திலேயே வைக்கலாம். மௌனமாக மனதுக்குள் ஜெபித்தால் நாலாவது வார்த்தையில் மனம் கவலைக்குத் தாவிவிடும். வாய்விட்டு வாசிக்கும்போது அந்த ஓட்டம் தடைபடும்.

ஜெபம் நீளமாக வேண்டாம். எசேக்கியாவின் ஜெபம் 15 முதல் 19 வரை ஐந்தே வசனம். தேவன் யார் என்று சொல்லி, நிலைமையைக் காட்டி, உள்ளதை ஒப்புக்கொண்டு, ஒரே ஒரு விண்ணப்பம் வைத்து முடிக்கிறார். ஜெபிக்கும்போது பயம் கூடுவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்: ஒரே பயத்தைப் பத்து விதமாகத் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். அப்போது ஜெபம் பயத்தை ஒத்திகை பார்ப்பதாகிவிடுகிறது. பிலிப்பியர் 4:6-ல் "ஸ்தோத்திரத்தோடே கூடிய" என்று ஒரு சொல் இருப்பது சும்மா அல்ல. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒரு நன்றி, அதுவும் அன்றைக்கு நடந்ததாக. "எல்லா நன்மைக்கும் ஸ்தோத்திரம்" என்ற பொதுவான சொல் மனதில் நிற்காது. "இன்று டாக்டர் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொன்னார், ஸ்தோத்திரம்" என்றால் நிற்கும். பத்து நிமிஷத்தில் ஆமென் சொல்லி எழுந்துவிடட்டும்.

எழுந்த பிறகு இடது பக்கத்தில் இருப்பவற்றில் இன்று கைவைக்கக்கூடிய ஒன்றைச் செய்யட்டும். எருசலேமுக்குள் தண்ணீர் கொண்டுவரச் சுரங்கம் வெட்டினதும் இதே எசேக்கியாதான் (2 இராஜாக்கள் 20:20). கீகோன் ஊற்றிலிருந்து சீலோவாம் குளம் வரை ஏறக்குறைய 533 மீட்டர். இன்றைக்கும் அதற்குள் தண்ணீரில் நடந்து போகிறார்கள். இரண்டு முனையிலிருந்தும் பாறையைக் குடைந்து நடுவில் சந்தித்ததைச் சொல்லும் கல்வெட்டு 1880-ல் கிடைத்தது. நெகேமியா 4:9-ம் அதே முறைதான்: ஜெபம்பண்ணினார்கள், ஜாமக்காரரையும் வைத்தார்கள். இந்தக் குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா, பெயர்கள் சரியாக இருக்கின்றனவா, மருத்துவமனை அந்தத் திட்டப் பட்டியலில் உண்டா என்று விசாரிப்பதை ஒரு நாள் வேலையாக வைக்கலாம்.

ஆனால் ஏசாயா 22:11-ஐயும் படியுங்கள். மதில்களுக்கு நடுவே தண்ணீர் தேக்கினீர்கள், அதைச் செய்தவரை நோக்கவில்லை என்று கடிந்துகொள்கிறார். ஏற்பாட்டில் மட்டும் மூழ்கி, பத்து மருத்துவமனைக்குப் போன் போட்டு, கூகுளில் விடிய விடியத் தேடினால் அதுவும் பயத்தின் இன்னொரு முகம்தான். தாளை விரித்துவிட்டு வேலையைத் தொடங்கட்டும், அந்த வரிசை மாற வேண்டாம்.

வலது பக்கத்தை என்ன செய்வது என்றால், மத்தேயு 6:34. "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்." வனாந்தரத்தில் தேவன் இஸ்ரவேலருக்கு உணவாகக் கொடுத்த மன்னாவைத் தலைக்கு ஒரு ஓமர் அளவுதான் எடுக்கச் சொன்னார், அது சுமார் இரண்டு லிட்டர். மறுநாளுக்கு வைத்தது பூச்சி பிடித்து நாறிற்று (யாத்திராகமம் 16:20). ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் இரட்டிப்பு. அன்றன்றைக்குப் பெலன் அன்றன்றைக்கு வரும். பதினோராம் நாளின் பெலனை மூன்றாம் நாளில் தேடினால் கிடைக்காததுபோலத்தான் இருக்கும். அவர் தேவனை நம்பவில்லை என்பதல்ல அதற்குக் காரணம்.

---

வெள்ளை அங்கி எழுதிய பதில்:

மருத்துவமனையில் ஆலோசனை கொடுக்கும் பக்கத்திலிருந்து சில குறிப்புகள்.

பயாப்சி தாமதமானால் கெட்ட செய்தி என்று நினைக்க வேண்டாம். எடுத்த சதையை ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றிப் பார்க்க வேண்டும். சில சமயம் கூடுதல் சாயப் பரிசோதனை தேவைப்பட்டு இன்னும் சில நாள் ஆகும். இதைத் தெரிந்துகொண்டாலே "ஏன் இன்னும் போன் வரவில்லை" என்ற பதற்றம் கொஞ்சம் குறையும்.

ராத்திரிதான் கடினம். எலியாவைப் பாருங்கள், 1 இராஜாக்கள் 19. "போதும், என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று சூரைச்செடியின் கீழ் படுத்தவருக்கு தேவன் முதலில் கொடுத்தது பிரசங்கம் அல்ல. தூக்கம், தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர். மறுபடியும் தூக்கம், மறுபடியும் சாப்பாடு. ஓரேப் மலையில் மெல்லிய சத்தத்தில் பேசியது நாற்பது நாளுக்குப் பிறகு. ஆகவே இந்தச் சகோதரியிடம் முதலில் கேட்க வேண்டியது "ஜெபித்தீர்களா" என்பதல்ல, "சாப்பிட்டீர்களா" என்பதே.

மாலை ஆறு மணிக்கு மேல் காபி, டீ வேண்டாம். போனை வேறு அறையில் சார்ஜ் போடட்டும். ஜெபக்குழு வாட்ஸ்அப்பில் ராத்திரி பதினொரு மணிக்கு வரும் அவசர ஜெபக் குறிப்புகள் எல்லாம் நல்ல எண்ணத்தில் வருபவைதான், ஆனால் ஏற்கெனவே பயந்திருப்பவருக்கு அது இன்னொரு சுமை. பத்து நாளைக்கு மியூட். படுத்து இருபது நிமிஷம் ஆகியும் தூக்கம் வராவிட்டால் படுக்கையிலேயே புரள வேண்டாம். எழுந்து நாற்காலியில் உட்கார்ந்து, மங்கலான வெளிச்சத்தில், நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து "நான் பயப்படுகிற நாளில்", ஆறு எண்ணும்வரை மெதுவாக விட்டு "உம்மை நம்புவேன்" என்று மனதில் சொல்லட்டும். ஐந்து முதல் பத்து நிமிஷம். வெளிவிடும் மூச்சு நீளமாக இருப்பது முக்கியம், அப்போதுதான் நெஞ்சுப் படபடப்பு தணியும். வேகவேகமாக மூச்சிழுத்து ஜெபித்தால் தலை சுற்றும், விரல் மரத்துப்போகும், அதை ஏதோ ஆவியின் தாக்குதல் என்று நினைத்து இன்னும் பயப்படுவார்கள்.

உபவாசம் பற்றியும் ஒரு வார்த்தை. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் டாக்டரைக் கேட்காமல் உபவாசம் இருக்கக்கூடாது. சர்க்கரை இறங்கினால் வரும் நடுக்கமும் வியர்வையும் பயம் போலவே இருக்கும். ஜெபித்தாயிற்று என்று யாருடைய மருந்தையும் நிறுத்தக்கூடாது. ஓலைச்சுவடி சொன்ன அதே எசேக்கியாவுக்கு, "உன்னைக் குணமாக்குவேன்" என்று கர்த்தர் சொன்ன பிறகுதான் தீர்க்கதரிசி ஏசாயா அத்திப்பழத்து அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார் (2 இராஜாக்கள் 20:5-7).

தூக்கமின்மை, பசியின்மை, காரணமில்லாத நெஞ்சுப் படபடப்பு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். "செத்துப்போகலாம்" என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் அன்றைக்கே. 14416 அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், இலவசம், தமிழிலும் பேசலாம். இது விசுவாசத்துக்கு விரோதம் என்று யாராவது சொன்னால், மிஷனரிகள் தொடங்கிய வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையே பாகாயத்தில் மனநல மையம் நடத்துகிறது என்று சொல்லுங்கள்.

---

தெற்கத்தி வாசகி:

இருவருக்கும் நன்றி. தாளை விரிக்கும் முறையை நாளைக்கே சொல்கிறேன். இன்னும் இரண்டு கேள்வி. வருஷப்பிறப்பு ஆராதனையில் அவருக்குக் கிடைத்த வாக்குத்தத்த வசனம் எரேமியா 29:11. அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் தைரியமாக இருக்கிறார், ஆனால் மறுநாளே பயம் திரும்ப வருகிறது. வசனம் கிடைத்த பிறகும் ஏன்? அடுத்தது, கேட்கவே மனம் வரவில்லை, முடிவு மோசமாக வந்துவிட்டால் அவர் என்னத்தைப் பிடித்துக்கொள்வார்?

---

ஓலைச்சுவடி:

முதல் கேள்விக்குப் பதில் அதே 2 இராஜாக்கள் 19-ம் அதிகாரத்திலேயே இருக்கிறது. எசேக்கியா ஆலயத்துக்கு இரண்டு தடவை போகிறார். முதல் வசனத்தில் வஸ்திரங்களைக் கிழித்துக்கொண்டு போகிறார், ஏசாயாவிடம் ஆளனுப்புகிறார், ஆறாம் வசனத்தில் "பயப்படாதேயும்" என்று கர்த்தருடைய வார்த்தை வருகிறது. அதற்குப் பிறகுதான் இரண்டாவது மிரட்டல், அந்தக் கடிதம். வாக்குத்தத்தம் கையில் இருக்கும்போதே பயமுறுத்தல் மறுபடி வந்தது. அவர் "எனக்குத்தான் வார்த்தை கிடைத்துவிட்டதே, ஏன் இன்னும் கலங்குகிறேன்" என்று தன்னையே நொந்துகொண்டு நிற்காமல் மறுபடியும் போனார். பயம் இருபது தடவை வந்தால் இருபது தடவை போகலாம். தாளை மடித்து வேதாகமத்துக்குள் வைத்து, பயம் வரும்போதெல்லாம் எடுத்து விரித்து, "இதை ஏற்கெனவே உம்மிடம் காட்டினேன், மறுபடியும் காட்டுகிறேன்" என்று ஒரே வரி சொன்னாலும் போதும்.

எரேமியா 29:11-ஐ விட்டுவிடச் சொல்ல மாட்டேன், ஆனால் அட்டையிலிருந்து எடுத்து அதன் இடத்தில் வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம். ஒரு வசனம் முன்னால் எழுபது வருஷம் என்று இருக்கிறது. ஐந்தாம் வசனத்தில் வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள் என்கிறார். சீக்கிரம் ஊர் திரும்புவோம் என்று சொன்ன தீர்க்கதரிசிகளை நம்பாதீர்கள் என்று அதே கடிதம் எச்சரிக்கிறது. கெட்டது எதுவும் நடக்காது என்ற உத்தரவாதமாக அதை எடுத்தால், முடிவு மாறி வரும்போது தேவன் பொய் சொன்னதாகத் தோன்றும். அந்நிய தேசத்தில் இருக்கும்போதும் அவர் அவர்களை நினைத்திருக்கிறார் என்று எடுத்தால் எந்த முடிவிலும் அது நிற்கும்.

---

மூப்பர் கடிதம் எழுதிய பதில்:

இரண்டாவது கேள்வியைக் கேட்டது நல்லது. முடிவு வந்த பிறகு தேடத் தொடங்கினால் கை நடுங்கும்.

எபிரெயர் 11-ஐ 33 முதல் 38 வரை ஒரே மூச்சில் வாசிக்கச் சொல்லுங்கள். 34-ல் விசுவாசத்தினால் பட்டயத்துக்குத் தப்பினவர்கள் இருக்கிறார்கள். 37-ல் பட்டயத்தினால் வெட்டுண்டு மரித்தவர்கள் இருக்கிறார்கள். இரண்டு கூட்டமும் ஒரே பட்டியல். "விசுவாசம் குறைந்ததால்தான் சுகம் இல்லை" என்று வீட்டில் வந்து சொல்கிறவர்கள் 35-ம் வசனத்தின் நடுவோடு நிறுத்திவிட்டார்கள். பவுல் தன் மாம்சத்திலிருந்த முள் நீங்க மூன்று தரம் வேண்டினார், நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் கிடைத்தது. அதே பவுல் 2 கொரிந்தியர் 7:5-ல் "உள்ளே பயங்களும் இருந்தன" என்று எழுதுகிறார். அடுத்த வசனத்தில் தேவன் அவரை ஆறுதல்படுத்தின விதம், உடன் ஊழியர் தீத்து வந்து சேர்ந்தது. ஒரு மனுஷன் வந்தான், அவ்வளவுதான்.

தானியேல் 3-ல் அக்கினிச் சூளையில் போடுவேன் என்று ராஜா மிரட்டும்போது மூன்று பேர் பேசுவதில் இரண்டு வாக்கியம் இருக்கிறது. தப்புவிக்க வல்லவர் என்பது ஒன்று. "விடுவிக்காமற்போனாலும்" என்பது மற்றது. நம் ஜெபங்களில் முதலாவது மட்டும் இருக்கும். பத்து நாளில் ஆறாவது, ஏழாவது நாளிலிருந்து இரண்டாவதையும் ஜெபத்தில் சேர்க்கட்டும். "சுகம் கேட்கிறேன். அப்படி ஆகாவிட்டாலும் எங்களை விட்டுப் போகாதேயும்." கெத்செமனேயில் இயேசுவே வியாகுலப்பட்டு, பாத்திரம் நீங்கும்படி கேட்டு, பிறகு பிதாவின் சித்தத்துக்கு ஒப்புக்கொடுத்தார் (மாற்கு 14:33-36). கேட்காமலேயே "உம் சித்தம்" என்று சொல்வது ஒப்புக்கொடுத்தல் ஆகாது. முதலில் வாய் திறந்து கேட்க வேண்டும்.

அழுகை வந்தால் 13-ம் சங்கீதம். ஆறே வசனம். "எதுவரைக்கும்" என்று முறையிட்டு, நோக்கிப்பாரும் என்று கேட்டு, கிருபையை நம்பினேன் என்று முடியும். அந்தக் கடைசி இரண்டு வசனம் வாயில் வராத நாள் உண்டு. அன்றைக்கு 88-ம் சங்கீதம் வாசிக்கட்டும். அது இருளிலேயே முடிகிறது, நம்பிக்கை வார்த்தையோடு முடியவில்லை. அதையும் பரிசுத்த ஆவியானவர் வேதத்தில் வைத்திருக்கிறார் என்பதே பெரிய ஆறுதல். அங்கேயும் அந்த மனுஷன் தேவனை நோக்கித்தான் கத்துகிறான், வேறு பக்கம் திரும்பவில்லை. சங்கீதம் 56:8-ல் "என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும்" என்கிறார் தாவீது. துருத்தி என்பது தோல் பை, தண்ணீரும் திராட்சரசமும் ஊற்றி வைப்பது. கண்ணீர் வீணாய்க் கொட்டிப்போவதில்லை.

கடைசியாக உங்கள் ஐக்கியத்துக்கு. யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் கூட உட்கார்ந்தார்கள். அதுவரை நல்ல சிநேகிதர்கள், பேச ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் கெட்டது. வீட்டுக்குப் போகிறவர்கள் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம், இருபது நிமிஷம் போதும். ஒரு சங்கீதம், மூன்று நிமிஷ ஜெபம். "என் சித்தப்பாவுக்கும் இப்படித்தான் கட்டி" என்ற கதை வேண்டவே வேண்டாம். மறைவான பாவம் ஏதாவது உண்டா என்ற விசாரணையும் வேண்டாம். சாப்பாட்டுக்கு முறை போட்டுக்கொள்ளுங்கள், ஒரு வீடு ஒரு வேளை, தூக்குச்சட்டியைத் திருப்பிக் கேட்காத மாதிரி. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர ஒருவர். வேலை போன வீடு என்பதால் பணம் கொடுக்க நினைத்தால் உறையில் வைத்து ஆயர் மூலமாகப் போகட்டும், கூட்டத்தில் அறிவிக்க வேண்டாம்.

முடிவு வாங்கப் போகும் அன்று அவர்கள் இருவரும் மட்டும் போகக்கூடாது. பதறாத ஒருவர் நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு கூடப் போய், டாக்டர் சொல்வதை எழுதிக்கொள்ளட்டும். அதிர்ச்சியில் பாதி காதில் விழாது. என்ன பெயர், எந்த நிலை, அடுத்து என்ன பரிசோதனை, எவ்வளவு நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும், காப்பீட்டில் எவ்வளவு வரும் என்ற ஐந்து கேள்வியையும் முந்தின நாள் ராத்திரியே எழுதி வைத்துவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் அந்த அறிக்கையையும் அதே தாளின் பக்கத்தில் விரித்து வைத்து ஜெபிக்கட்டும், அது எப்படி வந்திருந்தாலும்.